தூணுக்கு நல்ல தண்ணீர்

சோற்றில் உப்புக் குறைந்தால் எனக்கு உடனே தெரியும். தண்ணீரில் உப்பு இருந்தால் தெரியாது. இந்தக் கோளாறை நான் கண்டுபிடித்தது இருபத்து மூன்றாவது வயதில், எண்ணூரில், எட்டு கான்கிரீட் தூண்களுக்குப் பக்கத்தில் நின்றபோது. அன்றைக்குப் பிடித்த பயம் இன்றுவரை முழுசாக விடவில்லை.

நான் கொருக்குப்பேட்டைக்காரி. தண்டவாளத்தை ஒட்டிய தெரு, தெருக்கோடியில் ஒரு கைப்பம்பு. குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். பருப்பு லேசில் வேகாது. சோப்பை எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது. பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து வரும் அத்தை எங்கள் வீட்டு டீயை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை ஓரமாக வைத்துவிடுவாள். கொழுப்பெடுத்தவள் என்று அம்மா முணுமுணுப்பாள், நானும் ஆமாம் போடுவேன். பஞ்ச காலத்தில் லாரியில் நல்ல தண்ணீர் வந்தபோதுகூட, இதென்ன சப்பென்று இருக்கிறது என்று குறை சொல்லிக் குடித்த குடும்பம் எங்களுடையது.

டிப்ளமோ சிவில் முடித்து வேலைக்கு அலைந்துகொண்டிருந்த நேரத்தில் சுனாமி வந்தது. ஒரு வருடம் கழித்து எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துக்கு வீடு கட்டும் வேலை ஆரம்பித்தது. அந்தக் குப்பத்து ஜனங்கள் தார் அட்டைக் கொட்டகைகளில் ஒரு மழைக்காலத்தைக் கடத்தியிருந்தார்கள். வெயிலில் அந்த அட்டை உருகி நாறும், மழையில் கணுக்கால் அளவு தண்ணீர் உள்ளே நிற்கும். வீடு கட்ட வந்த காண்ட்ராக்டரிடம் எனக்கு சைட் இன்ஜினியர் வேலை கிடைத்தது. அது என் முதல் வேலை. தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வீடு வரை போன நாட்களும் உண்டு. அவ்வளவு திமிர்.

கட்டடத்தை வடிவமைத்தவர் அடையாறு பக்கத்திலிருந்து வருவார். ஒல்லியான மனிதர், வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் குடை. அவர் போட்ட வரைபடத்தை முதன்முதலில் விரித்துப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தரைத்தளத்தில் சுவரே கிடையாது, தூண்கள் மட்டும்தான். கடல் திரும்ப உள்ளே வந்தால் முட்டி மோத எதுவும் இல்லாமல் அந்தத் தூண்களுக்கு இடையே புகுந்து போய்விட வேண்டும். வீடுகள் அதற்கு மேலே இரண்டு மாடி. நாலு பேர் சேர்ந்தாற்போல் ஓடி ஏறுகிற அகலத்தில் படிக்கட்டு. குப்பம் முழுக்க ஏறி நின்றாலும் தாங்குகிற மொட்டைமாடி. உப்புக்காற்று கம்பியைத் தொடாமல் இருக்க, கம்பியைச் சுற்றி வழக்கத்தைவிடத் தடிமனாக கான்கிரீட். இனி வரப்போகிற கடலுக்கு இன்றைக்கே வழி விட்டுக் கட்டுகிற கட்டடம். வரைபடத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: கலவைக்குப் பரிசோதித்த தண்ணீர் மட்டுமே. சோழவரம் பக்கத்துக் கிணறுகளிலிருந்து லாரியில் வரும் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்து சர்டிபிகேட் வாங்கி, ஃபைலில் நானே குத்தி வைத்திருந்தேன்.

தூண்களுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்கு அந்தக் குப்பத்திலேயே ஒரு அக்காவை வைத்திருந்தோம். கான்கிரீட் இறுகும் வரை தூணைச் சுற்றிக் கோணிச்சாக்கு கட்டி, அது காயாமல் நாள் முழுக்க நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அக்காவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் பள்ளிக்கூடம் போகிற வயது. புருஷன் படகில் கூலிக்குப் போகிறவர். பின்னால் சண்டை வரக்கூடாது என்று யாருக்கு எந்த வீடு என்று கோயிலில் வைத்து முன்கூட்டியே சீட்டு எடுத்துவிட்டார்கள். முதல் பிளாக்கில், படிக்கட்டை ஒட்டிய முதல் மாடி வீடு அக்காவுக்கு விழுந்திருந்தது. அதனால் அவள் ஊற்றியது தன் வீட்டுக்கான தண்ணீர்.

காலையில் நான் வந்ததும் ஒரே கேள்வி கேட்பாள்.

"இன்னாமே இன்ஜினியரு, மறுக்கா கடலு வந்தா இது நிக்குமா?"

"நிக்கும் யக்கா. நீயும் நானும் போனதுக்கு அப்புறமும் நிக்கும்."

"நீ சொல்லிக்கின, நான் நம்பிக்கினேன்" என்று சிரிப்பாள். சுனாமி அன்றைக்குப் பிள்ளைகள் இரண்டையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு தண்ணீரில் ஓடியவள் அவள். அதை ஒரு முறைதான் சொன்னாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

முதல் பிளாக்கின் எட்டுத் தூண்களுக்குப் பலகை அடைத்து, கம்பி கட்டி முடித்து, மறுநாள் கான்கிரீட் என்று முடிவானது. வியாசர்பாடியிலிருந்து ஆட்கள் விடிந்ததும் வந்து இறங்கிவிட்டார்கள். ஜல்லி, மணல், சிமெண்ட் மூட்டை எல்லாம் தயார். தண்ணீர் லாரி மட்டும் வரவில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் அன்றைக்கு எக்ஸ்பிரஸ் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. அந்த வரிசையில் மாட்டினால் எப்போது வெளியே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. ஆட்கள் நிழல் பார்த்துப் படுக்க ஆரம்பித்தார்கள்.

மேஸ்திரி என்னிடம் வந்தார். வியாசர்பாடிக்காரர், வேலையில் சூரர், வாயில் எப்போதும் பீடி.

"மேடம், அதான் போர் போட்டு கீறோமே. அத்த வச்சி அடிச்சிக்கலாம்."

சட்டி மண்வெட்டி கழுவுவதற்காக இரண்டு நாளுக்கு முன்னால் போட்ட போர்வெல் அது. அந்தத் தண்ணீரை யாரும் பரிசோதனைக்கு அனுப்பவில்லை.

"டெஸ்ட் பண்ணல மேஸ்திரி."

"இன்னா பெரிய டெஸ்ட்டு" என்று அவர் உள்ளங்கையில் பிடித்து ஒரு வாய் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். "தேனு மாரி கீது. நீயே பாரேன்."

எங்கள் பக்கத்து வேலையிடங்களில் அதுதான் பழக்கம். புதுத் தண்ணீர் என்றால் நாக்கில் விட்டுப் பார்ப்பார்கள். உப்புக் கரித்தால் கலவைக்கு ஆகாது, கரிக்கவில்லை என்றால் ஆகும். அன்றைக்கு எட்டு ஆட்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் இரண்டு கை பிடித்துக் குடித்தேன். உண்மையைச் சொல்கிறேன், எங்கள் தெருப் பம்புத் தண்ணீரைவிட அது நன்றாக இருந்தது. தாகத்துக்கு இன்னொரு கை பிடித்துக் குடித்தேன்.

"நல்ல தண்ணிதான். போடுங்க" என்றேன்.

சாயங்காலத்துக்குள் எட்டுத் தூணும் நிறைந்துவிட்டன. மறுநாள் லாரி வந்தது. பலகையைப் பிரித்தபோது தூண்கள் வழவழவென்று ஒரு ஓட்டை இல்லாமல் இருந்தன. அக்கா மூலைத் தூணுக்கு மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, அப்புறம்தான் சாக்குக் கட்டினாள்.

நான்காம் நாள் வடிவமைப்பாளர் வந்தார். எப்போதும் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறவர் அன்றைக்கு மறந்துவிட்டார். நல்ல வெயில். நான் டீக்கடைக்கு ஆள் அனுப்புவதற்குள், பக்கத்திலிருந்த டிரம்மில் மக்கை விட்டு மொண்டு வாயில் ஊற்றிக்கொண்டார். அடுத்த நொடி அப்படியே துப்பினார். என் செருப்பில் தெறித்தது.

"என்னம்மா இது, கடல் தண்ணியா?"

அது போர்த் தண்ணீர் டிரம்.

"கை கழுவ வச்சிருக்கோம் சார்."

"கலவைக்கு இது போகலையே?"

"இல்ல சார்."

அவ்வளவுதான் சொன்னேன். அவர் தூண்களைத் தட்டிப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் நான் டிரம்மிலிருந்து ஒரு மக் மொண்டு குடித்தேன். நல்ல தண்ணீர்தான். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. மேஸ்திரியும் குடித்துப் பார்த்தார்.

"அந்தாளு பாட்டில் தண்ணி குடிச்சி வளந்தவரு. அவரு பேச்ச வுடு மேடம். பேஜார் பண்ணிக்காத."

என்னால் விட முடியவில்லை. டீக்கடையில் ஒரு தண்ணீர் பாக்கெட் வாங்கினேன். மூலையைக் கடித்து முழுவதையும் நிதானமாகக் குடித்தேன். சப்பென்று இருந்தது. வாய் அந்தச் சப்புக்குப் பழகும்வரை இருந்துவிட்டு, திரும்பிப் போய் டிரம் தண்ணீரை ஒரு மடக்கு குடித்தேன். இந்த முறை கரித்தது. நாக்கின் இரண்டு ஓரத்திலும் பிடித்துக்கொண்டு போகவே மறுத்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் பானைத் தண்ணீரையும் அதே மாதிரி சோதித்துப் பார்த்தேன். அதுவும் கரித்தது. அம்மா அதில் உலை வைத்துக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரிக்கும் எனக்கும் அந்த உப்பு தெரியாமல் போனதற்குக் காரணம் புரிந்தது. பிறந்ததிலிருந்து அதையே குடித்தவர்களிடம் போய் இது கரிக்கிறதா என்று கேட்டால் எப்படித் தெரியும்? வேறு ஊர்க்காரன் ஒருத்தன் அன்றைக்கு அந்த இடத்தில் நின்றிருந்தால் முதல் வாயிலேயே துப்பியிருப்பான்.

கான்கிரீட்டுக்குள் உப்புப் போனால் என்ன ஆகும் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வடசென்னையில் வளர்ந்தவளுக்கு அது தினமும் கண்ணில் படுகிற காட்சி. உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு ஊதும். ஊதினால் கான்கிரீட் வெடிக்கும். வெடித்த வழியாகக் கடற்காற்று நுழையும். காற்று வெளியிலிருந்து வராமல் தடுக்கத்தான் வடிவமைப்பாளர் அவ்வளவு தடிமன் வைத்தார். நான் உப்பை உள்ளேயே வைத்துப் பூசிவிட்டேன். வெளியே பார்த்தால் பத்து வருடத்துக்குக்கூட ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். கடல் வருகிற அன்றைக்குத் தெரியும்.

அந்த வாரம் பஸ் ஜன்னலோரம் உட்காரவே எனக்குப் பயமாக இருந்தது. வழியில் வரும் குடியிருப்புகளின் பால்கனிகளில் கம்பி பல்லை இளித்துக்கொண்டு தெரிந்தது. என்னுடன் படித்த ஒருத்தியின் வீட்டுக் கூரையிலிருந்து சாப்பிடும்போது தட்டுப்பக்கம் காரை விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். அப்போது சிரித்தோம். இப்போது ஒவ்வொரு தூணாகப் பார்த்து, இதில் என்ன தண்ணீர் ஊற்றினார்களோ, யார் நாக்கில் விட்டுப் பார்த்தார்களோ என்று நினைத்துக்கொண்டு போனேன். உள்ளங்கை வேர்த்து வேர்த்து டிக்கெட் நைந்துபோகும்.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். சொன்னால் வேலை போகும், அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. எட்டுத் தூணையும் இடித்துத் திரும்பக் கட்டினால் மழைக்குள் வீடு முடியாது. இந்த ஜனங்கள் இன்னொரு மழையையும் தார் அட்டைக்குக் கீழே கழிக்க வேண்டும். சொல்லாவிட்டால் மழைக்குள் வீடு கிடைக்கும், ஆனால் அந்த வீடு என் உப்பின் மேல் நிற்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த இரண்டு பெண் பிள்ளைகள்தான் நின்றார்கள்.

அக்கா தன் கேள்வியை ஒரு நாளும் விடவில்லை.

"இன்னாமே, நிக்குமா?"

"நிக்கும் யக்கா."

முன்பு வாய் நிறையச் சொன்ன அதே வார்த்தைதான். இப்போது அதைச் சொல்லிவிட்டு உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வடிவமைப்பாளர் வந்துபோன மூன்றாம் நாள் அவள் என் முகத்தையே பார்த்தாள். "ஒடம்பு சரியில்லியா? மூஞ்சி பேயறஞ்ச மாரி கீது" என்றாள். வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

தூண்களுக்கு மேலே முதல் தளம் போடும் நாள் வந்தது. அது போட்டுவிட்டால் அப்புறம் தூணைத் தொட முடியாது. பலகை அடைத்துக் கம்பி விரித்து எல்லாம் தயாராக இருந்தது. மிக்சரில் முதல் மூட்டை சிமெண்ட்டைக் கொட்டப்போகும் நேரம். அக்கா தன் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூட உடுப்போடு கூட்டிக்கொண்டு வந்து, மேலே பலகையைக் காட்டினாள். "தோ பாரு, அங்கதான் நம்ம வூடு. அந்த மூலையிலதான் நீ பட்த்துக்கப்போற" என்று சின்னதுக்குச் சொன்னாள். சின்னது தூணைப் போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டது.

என்னால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. "மேஸ்திரி, நிறுத்துங்க. நான் சொல்ற வரைக்கும் மூட்டையப் பிரிக்கக் கூடாது" என்று கத்தினேன். டீக்கடையில் இருந்த ஒரு ரூபாய் காயின் போனுக்கு ஓடினேன். வடிவமைப்பாளர் வீட்டம்மா எடுத்தார், குளித்துக்கொண்டிருக்கிறார் என்றார். காத்திருக்கிறேன் என்று சொல்லிக் காசைப் போட்டுக்கொண்டே நின்றேன்.

"சொல்லும்மா."

"சார், அந்த டிரம்மு தண்ணி… கை கழுவ மட்டும் இல்ல சார்."

இன்னொரு ரூபாயைப் போட்டேன்.

"எத்தனை தூண்?"

"எட்டு சார்."

"அந்தத் தண்ணிய யார் ஓகே பண்ணது?"

"நான்தான் சார். வாயில ஊத்திப் பாத்தேன்."

"மேலே ஒரு சட்டி கான்கிரீட் போகக் கூடாது. வரேன்" என்று வைத்துவிட்டார்.

வந்தவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தூணில் துளை போட்டு கான்கிரீட் மாவைப் பரிசோதனைக்கு எடுத்தார், டிரம் தண்ணீரை பாட்டிலில் பிடித்து மூடினார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார்.

"உனக்கு மெய்யாவே உப்புத் தெரியலையா?"

"தெரியலை சார்."

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு டாக்டர் நிமிர்ந்து பார்ப்பாரே, அந்தப் பார்வை. அதுவரை நான் கட்டடத்துக்காகத்தான் பயந்திருந்தேன். அந்த நிமிடம் என் உடம்பை நினைத்தும் பயந்தேன்.

ரிப்போர்ட் வந்தது. தண்ணீர் கம்பிக்கு ஆகாது. எட்டுத் தூணையும் இடிக்கச் சொல்லிவிட்டார். மிஷின் கொண்டுவந்து இரண்டு நாள் உடைத்தார்கள். காண்ட்ராக்டர் என்னை அன்றைக்கே விரட்டியிருப்பார். வடிவமைப்பாளர்தான் இருக்கட்டும் என்றார். ஏன் என்று சொல்லவில்லை. இனிமேல் தண்ணீருக்கு நான்தான் பொறுப்பு என்று மட்டும் சொன்னார்.

மூலைத் தூணை உடைத்தபோது அக்கா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் பூசிய துண்டு ஒன்று உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது. அவள் அழவில்லை, என்னைத்தான் ஏசினாள். "நிக்கும் நிக்கும்னு சொல்லிக்கினே இருந்தியே. அல்லாம் தெரிஞ்சிக்கினுதான சொன்ன?" என்றாள். கொட்டகையில் இன்னொரு மழை என்று அவளுக்கும் புரிந்துவிட்டது.

அதன்பிறகு நான் வேறு ஆளாகிவிட்டேன். போரை மூடிவிட்டேன். ஒரு பெரிய கறுப்புத் தொட்டியை மேடை போட்டு ஏற்றி, லாரித் தண்ணீர் முழுவதும் அதில் விழவைத்து, குழாய்க்குப் பூட்டுப் போட்டேன். சாவியைச் சுடிதார் கயிற்றில் முடிந்துகொண்டேன். கலவைக்கும் தூணுக்கு ஊற்றவும் தவிர வேறு எதற்கும் ஒரு மக்கூடக் கிடையாது. லாரி வந்தாலே தண்ணீர் பாக்கெட் குடித்து நாக்கைக் கழுவிக்கொண்டுதான் ருசி பார்ப்பேன். தொட்டியில் ஒரு சாண் குறைந்தால் லாரிக்காரருக்குப் போன் போட ஓடுவேன். கன்டெய்னர் லாரிகள் நாளைக்கு ரோட்டை அடைத்தால் என்ன செய்வது, தூண் பாதியில் நின்றால் என்ன செய்வது என்று இதே நினைப்புதான்.

தூண்கள் திரும்ப எழுந்தன. அக்கா திரும்பச் சாக்குக் கட்டித் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். என்னிடம் பேசுவதில்லை. காலைக் கேள்வியும் நின்றுபோயிற்று. ஒரு நாள் மத்தியானம் வேலை முடிந்ததும் இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு தொட்டிக்குக் கீழே வந்து நின்றாள்.

"ஒரே ஒரு கொடம் வுடு. சின்னதுக்கு வவுத்தால போவுது. நல்ல தண்ணி குடுன்னு டாக்டரு சொல்ட்டாரு."

"யக்கா, நாளைக்கு லாரி வருமான்னே தெரியலை. ரெண்டு தூணு பாக்கி இருக்கு."

"போரு தண்ணி கம்பிக்கு ஆவாதுன்னு கண்டுபிடிச்சி, எட்டு பில்லர ஒடச்சீங்க. எங்க கொட்டாய் கைப்பம்புலயும் அதே தண்ணிதான் வருது. எம்பொண்ணுங்க பொறந்ததுலேந்து அத்தத்தான் குடிச்சிக்கினு கீதுங்க. அதுங்களுக்கு ஆவுமான்னு எவனாவது பாத்தானா?"

அவள் கத்தவில்லை. கையை நீட்டிப் பக்கத்துத் தூணின் ஈரச் சாக்கைத் தொட்டாள். காலையிலிருந்து அவளே ஊற்றிய நல்ல தண்ணீர் அதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

சாவி என் இடுப்பில்தான் இருந்தது. ஒரு குடம் போனால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஒரு குடம் கொடுத்தால் கொட்டகை முழுக்கக் குடத்தோடு வந்து நிற்கும் என்றும் தெரியும். நாளைக்கு லாரி வராது, திரும்ப நான் போரைத் திறப்பேன், திரும்ப உப்பு உள்ளே போகும் என்று பயம் என்னைக் கட்டிப்போட்டது. அந்தக் கட்டடம் நிற்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

நான் பூட்டைத் திறக்கவில்லை. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கைப்பம்பு பக்கம் நடந்தாள்.